சாவுக்கு மூடும் மதகு

பாலம் கேட்டோம். மிஷின் கொடுத்தார்கள்.

பாலம் என்றால் பெரிய பாலம் இல்லை. பனையவெளி வாய்க்காலின் அகலமே இருபத்திரண்டு அடிதான். இரண்டு பக்கமும் சுவர், மேலே ஒரு சிமெண்டுப் பலகை, நாலு பேர் பாடையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற அகலம். என் தாத்தா காலத்திலிருந்து மனு போகிறது. இதைக் கட்டத் துப்பில்லாதவர்கள்தான் மதகுக்கு மூளை வைத்துக் கொடுத்தார்கள். மந்திரி வந்து மாலை போட்டார். மாலையை மதகுக்குப் போட்டார், எங்களுக்கு இல்லை.

எங்கள் கீழத்தெரு வாய்க்காலுக்கு மேற்கே. எங்கள் சுடுகாடு கிழக்கே. நடுவில் தண்ணீர். பாசனத்துக்குத் திறந்துவிட்ட நாளில் துறையில் கழுத்தளவு நிற்கும். ஊரில் மற்றவர்களுக்குத் தார்ரோடு போட்ட சுடுகாடு தனியாக இருக்கிறது. அந்த ரோட்டில் எங்கள் பாடை போகக் கூடாது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் கோர்ட்டுக்குப் போயிருக்கலாம். எழுதாமல் வைத்திருக்கிற அளவுக்கு அவர்களுக்குப் புத்தி இருக்கிறது.

நான் வைரக்கண்ணு. பனையவெளி தலைமதகில் முப்பத்தொரு வருஷம் லஸ்கர். பட்டாளம் என்று நினைத்துவிட வேண்டாம், ஷட்டர் திருகுகிற வேலை. ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கு எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்று டவுனில் நாற்காலியில் உட்கார்ந்து ஒருவன் சொல்வான். அவன் வாய்க்காலைப் பார்த்திருக்க மாட்டான். இரும்புச் சாவியைத் திருகு தண்டில் மாட்டி நான் சுற்றுவேன். ஆறு சுற்றுக்கு ஷட்டர் ஒரு அங்குலம் ஏறும்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது என் அப்பாவைத் தூக்கிக்கொண்டு அந்தத் துறையில் இறங்கினார்கள். நடுவில் ஒருவனுக்குக் கால் வழுக்கியது. பாடை கவிழ்ந்தது. அரை மைல் தள்ளி நாணல் புதரில் மாட்டிக்கொண்டு கிடந்தவரை இழுத்து வந்து மறுபடி கட்டினார்கள். அதனால் வேலை கிடைத்த முதல் வருஷமே நான் ஒரு காரியம் ஆரம்பித்தேன். தெருவில் சாவு விழுந்தால் என்னிடம் ஆள் வருவான். ஒன்றும் பேச மாட்டான். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பான். நான் சாவியை எடுத்துப் போய் ஷட்டரை முழுதாக இறக்கிவிடுவேன். எட்டு மணி நேரத்தில் துறை வடிந்துவிடும். எரித்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்குக் குளிக்கத் தண்ணீர் வேண்டுமே, அதற்கும் நேரம் பார்த்துத் திறப்பேன். அவர்கள் துறைக்கு வரும்போது முழங்கால் தண்ணீர் வந்து சேர்ந்திருக்கும். இதற்கெல்லாம் உத்தரவு கிடையாது. மேலே தெரிந்தால் மெமோ, அப்புறம் வேலை போகும். தெரியவில்லை. அதிகாரிகள் மதகுக்கு வருவதே கிடையாது என்பது அவர்களிடம் இருந்த ஒரே நல்ல குணம்.

ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போது நிகிலன் என்று ஒரு எஞ்சினியர் பையன் வந்தான். பொதுப்பணித் துறை புதிதாக வைத்த ஆள். திருகு தண்டில் ஒரு டப்பாவை மாட்டினான்.

“ஐயா, நீங்க எப்பத் திறக்கறீங்க, எப்ப மூடறீங்க, எத்தனை சுத்து, எல்லாத்தையும் இது பார்த்துப் படிச்சுக்கும்.”

“படிச்சு?”

“நீங்க போனப்புறம் உங்களை மாதிரியே செய்யும். உங்க அனுபவம் வீணாப் போகாது.”

“எனக்கு முட்டிவலி இருக்கு தம்பி. அதையும் படிச்சுக்குமா?”

சிரித்தான். சிரிக்கிற அதிகாரிகளை நான் நம்புவதில்லை. சிரிக்காதவர்களையும் நம்புவதில்லை.

ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கும்போது மறுபடி வந்தான். கையில் ஒரு கண்ணாடிப் பலகை, அதில் கோடு கோடாக ஏதோ.

“எல்லாம் பொருந்துது ஐயா. மழை, ஆத்து மட்டம், பயிரோட வயசு, எல்லாத்துக்கும் உங்க கை ஒத்துப்போகுது. ஒரு விஷயம்தான் புரியலை. பதினோரு தடவை காரணமே இல்லாம முழுசா மூடியிருக்கீங்க. ஒரு நாள் கழிச்சுத் திறந்திருக்கீங்க. எதுக்கு?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். பதினோரு சாவு என்று. பென்ஷன் கண்ணில் நின்றது.

“ஆகாயத்தாமரை” என்றேன். “வந்து அடைச்சுக்கும். மூடிட்டு வாரி எறிவேன்.”

“சரி, விடுங்க. காரணத்தை அதுவே கண்டுபிடிச்சுக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

நானும் விட்டேன். இந்த விஷயத்தில் நான் செய்த முதல் முட்டாள்தனம் அது.

*

நான் வெளியே வந்தேன், மிஷின் உள்ளே போனது. திருகு தண்டைக் கழற்றி எறிந்துவிட்டு மோட்டார் வைத்தார்கள். ஷட்டரில் ரப்பர் ஒட்டினார்கள், சொட்டு ஒழுகாது. துறையில் ஒரு கம்பம் நட்டு, அதில் கேமராவும் ஒலிபெருக்கியும். ஒரு கேமராக் கம்பத்துக்கு ஆன சிமெண்டில் அரைப் பாலம் கட்டியிருக்கலாம் என்று நான் சொன்னேன். பழைய லஸ்கருக்குப் பொறாமை என்றார்கள்.

எனக்கும் ஒரு பட்டை மாட்டிவிட்டார்கள், இடது மணிக்கட்டில். முன்பெல்லாம் பென்ஷன்காரன் வருஷத்துக்கு ஒரு தடவை ஆபீசில் போய் நின்று, நான் இன்னும் சாகவில்லை ஐயா என்று காட்ட வேண்டும். இப்போது பட்டையே நாடி பார்த்துத் தினமும் சொல்லிவிடுமாம்.

மிஷின் வந்த இரண்டாவது மாதம், ஒரு நாள் காலையில் வாய்க்கால் வடிந்து கிடந்தது. தெருவில் சாவு இல்லை. எல்லோரும் மதகைத் திட்டினார்கள். அன்று சாயங்காலம் உத்திராபதி செத்தான். மறுநாள் காய்ந்த துறையில் செருப்பு நனையாமல் தூக்கிக்கொண்டு போனோம். திரும்பி வரும்போது குளிக்க முழங்கால் தண்ணீர். தெருவே மதகைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டது. கும்பிடுகிற கைதானே, எதைப் பார்த்தாலும் எழும்பும்.

இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை யாரும் கும்பிடவில்லை. வாய்க்கால் வடிந்தால் தெருவில் பேச்சும் வடிந்துவிடும். யாருக்கு, யாருக்கு என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். இருமுகிற பிள்ளை முதுகில் அடி விழும். ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்தார்கள், போனால் மதகுக்குத் தெரிந்துவிடும் என்று. காத்தமுத்து என்று ஒரு சர்க்கரை வியாதிக்காரன். நாலாவது தடவை வடிந்தபோது அவன் மகன் அவனை வண்டியில் ஏற்றிச் சீர்காழியில் இருக்கும் தங்கை வீட்டில் இறக்கிவிட்டு வந்தான்.

“அந்தாளு அஞ்ச போயி சாவட்டும், இஞ்ச பயிரு பொழைக்கட்டும்” என்றான்.

மதகு திறக்கவில்லை. இரண்டாம் நாள் செத்தது அடுத்த வீட்டு ராசம்பாள், முந்தின நாள் வரை நாற்று நட்டவள். காத்தமுத்து திரும்பி வந்து நன்றாகத்தான் இருக்கிறான். மகன் முகத்தில் விழிப்பதில்லை. இதெல்லாம் நீர்மேலாண்மையின் பலன்கள். மந்திரி பேசும்போது விட்டுப்போய்விட்டது.

*

இந்த வருஷம் மார்கழியில்தான் விஷயம் முற்றியது.

கார்த்திகையோடு மழை கைகழுவிவிட்டது. சம்பாப் பயிர் பூத்துப் பால் பிடிக்கிற நேரம். அந்தப் பத்து நாள் தண்ணீர் நின்றால் நெல், நிற்காவிட்டால் பதர். துறைக்குக் கீழே அறுபது ஏக்கர், பெரும்பாலும் எங்கள் தெருக்காரர்கள் குத்தகைக்கு உழுகிறது. போர் போட்டால் உப்புத் தண்ணீர் வரும். வாய்க்கால்தான் கதி. அந்த நேரம் பார்த்து மதகு மூடிக்கொண்டது.

ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். யாரும் சாகவில்லை. நான் பார்க்காத கூத்து அது. தெரு மொத்தமும் யாராவது சாக மாட்டார்களா என்று காத்திருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். வயலில் வெடிப்பு விட ஆரம்பித்தது.

ஆறாம் நாள் நிகிலனைக் கூப்பிட்டு வந்து துறையில் நிறுத்தினோம். இருபது முப்பது பேர் இருப்போம். என் தம்பி மகன் முத்தையனும் அவன் பெண்டாட்டி தையல்நாயகியும் முன்னால் நின்றார்கள். தையலுக்கு முப்பத்தெட்டு வயது, மூன்று ஏக்கர் குத்தகை, இரண்டு பெண்பிள்ளைகள். முத்தையன் வாயில் கொழுக்கட்டை, பேசுவதெல்லாம் இவள்தான்.

“யாருக்கு மூடியிருக்கு சார்? பேரச் சொல்லுங்க” என்றாள்.

“அதுக்குப் பேர் தெரியாதும்மா. தெரியவும் கூடாது, சட்டம் அப்படி. ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, போன், பென்ஷன் பட்டை எல்லாத்துலேர்ந்தும் தகவல் வரும். எல்லாத்தையும் கூட்டி தெருவுக்கு மொத்தமா ஒரு எண் வச்சிருக்கு. எண் ஏறினா மூடும்.”

“சாவு எப்ப வரும்னு சொல்ற அளவுக்கு அது என்னா எமனாய்யா?” என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

“அது சாவைக் கணிக்கலை ஐயா. நீங்க எப்ப மூடுவீங்கன்னு கணிக்குது. உங்ககிட்டத்தானே கத்துக்கிச்சு. நீங்க சொன்ன ஆகாயத்தாமரை பொருந்தலை. அந்த பதினோரு நாளுக்கும் பொதுவா என்ன இருக்குன்னு அதுவே தேடிக் கண்டுபிடிச்சிருக்கு.”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாய்க்காலைப் பார்த்தேன். அதில் பார்க்க ஒன்றும் இல்லை, சேறு.

“செரி, அவரு செத்தப்பறம் மூடுவாரு. இது முன்னாடியே மூடுதே?” என்றாள் தையல்.

“வடிய எட்டு மணி நேரம் ஆகுதேம்மா. பாடை வர்றப்ப தண்ணி நின்னா அதுக்குத் தப்புன்னு அர்த்தம். அதனால முந்திக்கப் பார்க்குது. போன தடவை இடுப்பளவு தண்ணி நின்னுடுச்சு. அதுலேர்ந்து இன்னும் சீக்கிரமே மூடிடுது.”

“கையால தொறந்துவுடு” என்றேன்.

“எனக்கு அந்த அதிகாரம் இல்லை ஐயா. மனு குடுங்க. இருபத்தொரு நாள்ல முடிவு வரும்.”

“பால் புடிக்கற பயிருகிட்ட இருபத்தொரு நாள் பொறுக்கச் சொல்லிட்டுப் போ. ஒன் பேச்சக் கேக்கும்.”

அவனுக்கு முகம் சிறுத்துவிட்டது. தையல் விடவில்லை.

“எப்பத்தான் சார் தொறக்கும்?”

“ரெண்டு நடக்கணும். அந்த எண் இறங்கணும். அப்புறம் கேமராவுல பாடையோட கூட்டம் துறையைத் தாண்டணும், அக்கரையில புகை தெரியணும். வைரக்கண்ணு ஐயா அப்பத்தானே திறப்பார்?”

தையல் வெடித்துக் கிடந்த வயல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் என் மணிக்கட்டைப் பார்த்தாள்.

*

மறுநாள் மத்தியானம் சோற்றுக் கிண்ணத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். நான் தனிக்கட்டை. பெண்டாட்டி போய்ப் பத்து வருஷம். மகன் திருப்பூரில் இருக்கிறான் என்று கேள்வி.

“மாமா, கையக் காட்டுங்க.”

“என்னாத்துக்கு?”

“காட்டுங்கன்னா.” பட்டையைத் திருப்பிப் பார்த்தாள். “மஞ்சளா மினுக்குது. அது ஒங்களுக்குத்தான் மாமா மூடியிருக்கு.”

“ஒரு வருசமா மஞ்சளாத்தான் மினுக்குது. அதுக்குச் சீக்கு, எனக்கில்ல. நான் ஒன்ன எரிச்சிட்டுத்தான் புள்ள போவேன்.”

“எரிங்க, யாரு வேணாங்கறா?” என்று சிரித்தாள். “அது வரைக்கும் பயிரு தாங்கணுமே. எம் பொண்ணுவோ ரெண்டும் ஒரு வருசம் தின்னணுமே. பட்டைய அறுத்துப் போடுங்க. நாடி நின்னுட்டுன்னு எண்ணு எறங்கிடும். ஒங்கள வச்சிப் பாடை தூக்கிடறோம்.”

நான் அவளைக் கண்டபடி திட்டினேன். எழுதினால் அச்சடிக்க மாட்டார்கள். கேட்டுக்கொண்டே சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து வைத்தாள்.

“பட்டைய அறுத்தா பென்சன் போயிடும், தெரியுமா ஒனக்கு?”

“தெரியும். சோறு எங்க வூட்ல. ஒங்க தம்பி மவன் போட மாட்டேன்னா என்னைக் கேளுங்க.”

“செத்தவன்னு எழுதிடுவான். அப்பறம் ரேசனு, ஓட்டு, ஒண்ணும் கெடையாது.”

“இருந்து என்னாத்தக் கண்டீங்க?”

சோற்றைத் தின்றேன். அவள் எழுந்து நிற்கும்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ஏன் என்றேன். வெயில் என்றாள். மார்கழியில் என்ன வெயில். நான் கேட்கவில்லை. அடுத்தவரைக் கேட்டுப் பழக்கமில்லாதவன் நான்.

ஆகாயத்தாமரை என்று சொன்ன வாய் என்னுடையது. மிஷினைத் திட்டலாம், நிகிலனைத் திட்டலாம், மந்திரியைத் திட்டலாம். திட்டிவிட்டுப் பார்த்தால் அந்தப் பதினோரு நாளும் என் கை திருகியதுதான். ஒன்பதாம் நாள் காலையில் அரிவாள்மணையில் பட்டையை அறுத்து அடுப்பில் போட்டேன். பச்சையாக எரிந்தது.

*

பட்டப்பகலில் என்னைத் தூக்கினார்கள். மூங்கில் வெட்டி வந்தவன் என்னைப் படுக்கச் சொல்லி அளவெடுத்தான். அதிகமாக இரண்டு சாண் வெட்டிவிட்டு, “பெரியப்பா இன்னும் ஒசரம்னு நெனைச்சேன்” என்றான். பிள்ளைகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பக்கத்து வீட்டு அஞ்சலை ஒப்பாரி வைத்தாள். என்னைத் தங்கம் என்றாள், தருமன் என்றாள். என் வேலியில் தினமும் ஆடு விட்டு மேய்த்தவள்.

“ஏய், கொஞ்சம் நெசத்தையும் சொல்லு” என்றேன்.

“செத்த பொணம் பேசாத” என்று மறுபடி ஆரம்பித்தாள்.

கயிறு கட்டும்போது தையல் குனிந்து முடிச்சைச் சரிபார்த்தாள்.

“மாமா, முன்னல்லாம் கழுத்துத் தண்ணியிலதான தூக்கிட்டுப் போனாங்க? செத்ததுக்குக் குளிருமா?”

“செத்ததுக்கு என்னா தெரியும்? தூக்கறவனுக்குத்தான் குளிரும். முடிச்சப் பாத்துப் போடு, இறுக்கிக் கொன்னுடாத.”

தெருக்கோடியோடு பெண்கள் நின்றுவிட்டார்கள். காய்ந்த துறையில் என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கேமரா கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன், பயத்தில் இல்லை, வெயிலுக்கு. சுடுகாட்டில் என்னை இறக்கி, வெறும் விறகைக் கொளுத்திவிட்டு அவர்கள் திரும்பினார்கள். புகை வர வேண்டுமே. நான் அந்தப் புகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பிடித்தேன்.

அவர்கள் துறைக்குப் போனபோது முழங்கால் தண்ணீர் வந்து சேர்ந்திருந்தது. ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லை. நான் திறக்கிற அதே நேரம். பாவி, அப்படியே படித்திருக்கிறது.

எல்லோரும் தண்ணீரில் விழுந்து கூச்சல் போட்டார்கள். சாவு வீட்டுக் குளியலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. நான் கேமராவுக்குத் தெரியாமல் அரை மைல் கீழே போய், நாணல் புதரைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் ஏறினேன். அப்பா மாட்டிக்கொண்ட புதர். தையலின் வயலில் தண்ணீர் வெடிப்புக்குள் இறங்கும்போது சத்தம் கேட்டது. அவள் வரப்பில் உட்கார்ந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, “வாங்க பொணமே” என்றாள்.

*

ஐந்தாம் நாள் காலையில் வயலுக்குத் தண்ணீர் வைக்கப் போனவள், மடையை வெட்டிவிட்டு மண்வெட்டியோடு சாய்ந்தாள். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. பயிர் தலை சாய்ந்து கனத்து நின்றது.

வாய்க்கால் நிறையத் தண்ணீர். முத்தையன் நிகிலனுக்குப் போன் போட்டான். எண் இறங்கித்தான் இருக்கிறது, மதகு மூடக் காரணம் ஏதும் தெரியவில்லை என்று அவன் பதில் சொன்னான். மனு போடுங்கள் என்றும் சொன்னான். நான் பரணிலிருந்து என் பழைய சாவியை எடுத்துக்கொண்டு தலைமதகுக்கு ஓடினேன். மாட்டுவதற்குத் தண்டு இல்லை. வழவழவென்று ஒரு பெட்டி இருந்தது. அதை நாலு தடவை சாவியால் அடித்தேன். சாவிதான் வளைந்தது.

கழுத்துத் தண்ணீரில் அவளைத் தூக்கிக்கொண்டு போனோம். எனக்கு அறுபத்திரண்டு வயது, வேண்டாம் என்றார்கள். முன்பக்கம் இடது தோள் நான். நடுத்துறையில் தண்ணீர் இழுத்தது. மேலே கம்பத்திலிருந்து ஒரு பெண் குரல், தேன் மாதிரி, சொல்லிக்கொண்டே இருந்தது: “வாய்க்காலில் இறங்காதீர்கள். வாய்க்காலில் இறங்குவது தண்டனைக்குரிய குற்றம்.” ஒருவனும் வழுக்கவில்லை. அது ஒன்றுதான் என்னால் சொல்ல முடிந்த நல்ல செய்தி.

மார்கழித் தண்ணீர். தூக்கினவனுக்குக் குளிர்ந்தது.

காரியம் முடிந்த பிறகு முத்தையன் ஒரு சீட்டைக் கொண்டுவந்தான். அவள் டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் இருந்ததாம். டவுனில் நெஞ்சைப் படம் பிடித்த சீட்டு. எனக்கு இங்கிலீஷ் வராது. தேதி படிக்க வரும். மதகு மூடியதற்கு முந்தின நாள்.

முத்தையன் அதை மடித்து மடித்து விரித்தான். “பெரியப்பா, அவளுக்குத் தெரியுமா?” என்றான்.

“தெரியாது” என்றேன். இரண்டாவது தடவையாகப் பொய் சொன்னேன். இது ஆகாயத்தாமரை அளவுக்கு மோசமில்லை.

மிஷினை ஏமாற்றினாள், என்னை ஏமாற்றினாள், தன் சாவை என் தலையில் கட்டிவிட்டுத் தண்ணீரை வாங்கிக்கொண்டாள். என் வாழ்க்கையில் நான் பார்த்த ஒரே கெட்டிக்காரி.

*

அறுவடை ஆனது. நல்ல விளைச்சல். பெண்பிள்ளைகள் இரண்டும் தின்கின்றன, நானும் அந்த வீட்டில்தான் தின்கிறேன்.

தை கடைசியில் நிகிலன் வந்தான். எவனோ எழுதிப்போட்டிருக்கிறான், நான் சாகவில்லை என்று.

“ஐயா, ஒரு கையெழுத்துப் போடுங்க. உயிரோட இருக்கீங்கன்னு மாத்திடலாம். பென்ஷன் வந்துடும். வேற பட்டை தர்றேன்.”

“பட்டையக் கட்டிக்கிட்டா அந்தச் சனியன் மறுபடி என்னை எண்ணிக்கிட்டு ஒக்காரும். இன்னொரு மார்கழியில மூடிக்கும். வேணாம் தம்பி.”

“இல்லை ஐயா, இனிமே மூடாது.” சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. “அன்னிக்குத் துறை நிறையத் தண்ணி இருந்தும் பாடையோட கூட்டம் போய்த் திரும்பிச்சில்ல, அதைக் கேமரா பார்த்திருக்கு. தண்ணி நின்னாலும் இவங்க போயிடுவாங்கன்னு மிஷின் கத்துக்கிச்சு. சாவுக்காக மூட வேண்டியதே இல்லைன்னு முடிவெடுத்திருக்கு. மேல ரொம்பப் பாராட்டறாங்க. பாசனம் ஒரு நாளும் நிக்காதாம்.”

பாவம், நல்ல பையன்தான். நல்ல பையன்களால் இந்த ஊருக்கு ஒரு பிரயோஜனமும் இருந்ததில்லை.

மிஷின் சரியாகத்தான் கற்றிருக்கிறது. தண்ணீர் நின்றாலும் இவர்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். என் தாத்தா காலத்திலிருந்து மனு வாங்கி வாங்கி அரசாங்கம் கற்றுக்கொண்ட பாடம் அது. மிஷினுக்கு ஒரு நாள் போதுமாயிருந்தது.

கையெழுத்துப் போடவில்லை. அவன் போனதும் துறைக்கு இறங்கினேன். இரண்டு கரையிலும் கம்பி அடித்து, தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, தூக்குகிறவன் பிடித்துக்கொள்ள ஒரு தேங்காய்நார் வடம் கட்டினேன். தேன் குரல்காரி கத்திக்கொண்டே இருந்தாள். கத்தட்டும். செத்தவன் மேல் வழக்குப் போட இன்னும் ஒரு மிஷின் வர வேண்டும்.